தண்ணீர் குடிப்பவள்

எங்கள் அச்சகத்தில் அந்த எழுத்து இல்லை.
ஈய எழுத்துப் பெட்டியின் ஒவ்வோர் அறையிலும்
துழாவிப் பார்த்துவிட்டேன்.
லத்தீன் 'ஸி'யின் தலைமேல்
சிறகு விரித்த குருவிபோல் ஒரு குறி வேண்டும்.
முதலாளி சொன்னார்: இது திரியேஸ்தே,
இங்கே குருவிகளுக்கு ஈயம் உருக்குவதில்லை.

துறைமுகக் காப்பிக் கிடங்கில்
கணக்கு முடித்து நேரே வந்திருந்தாள் அவள்.
மேலெல்லாம் வறுக்காத கொட்டையின் சாக்கு வாசனை.
வெளியே போரா காற்று.
தெருவோரம் கட்டிய கயிற்றைப் பிடித்துப் பிடித்து வந்ததில்
உள்ளங்கை சிவந்திருந்தது.
"தலையை மொட்டையாகவே விடுங்கள், ஒலிந்தோ.
குருவியை நான் உட்கார வைக்கிறேன்."

முன்னூறு பிரதி. பிரதிக்கு நாற்பத்தொரு இடம்.
ஐந்து சனிக்கிழமைகள்
காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்து
பேனாவால் பறவை வைத்தாள்.
நான் பெருக்கிப் பார்த்தேன்:
பன்னிரண்டாயிரத்து முன்னூறு.

*

பிறந்தபோது நெவெங்கா வோதோபிவெத்ஸ்.
அப்பா கார்ஸ்த் மேட்டு ஸ்லோவேனியர்,
சரக்கு ரயிலில் பிரேக் பிடிப்பவர்.
அம்மா கியோஜ்ஜாவில் மீன் விற்றவள்.
அந்த வீட்டில்
இருக்கிற காசை இத்தாலியனில் எண்ணுவார்கள்,
இல்லாத காசை ஸ்லோவேனில் திட்டுவார்கள்.
அவளுக்கு ஏழு வயதில் அரசாணை ஒன்று வந்து
பெயர்களை அள்ளிச் சலவைக்குப் போட்டது.

வோதோபிவெத்ஸ் என்றால் தண்ணீர் குடிப்பவன்.
பெவிலாக்வா என்று திருப்பிக் கொடுத்தார்கள்.
அதுவும் தண்ணீர் குடிப்பவன்தான்.
பொருள் பிழைத்தது, ஓசை செத்தது.
நெவெங்காவுக்குள் ஒரு சாமந்தி இருந்தது.
எழுத்தர் காதில் விழுந்ததை வைத்து
நிவெஸ் என்று எழுதிக்கொண்டார்.
ஓசையில் பாதி பிழைத்தது.
பூ இருந்த இடத்தில் பனி விழுந்தது:
நிவெஸ் என்றால் பனி.

இதைச் சொல்லும்போது அவள் சிரிப்பாள்.
அப்பா சிரித்ததில்லையாம்.
நிலையத்தில் புதுப் பெயர் சொல்லி அழைத்தால்
தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருப்பாராம்.
இரண்டு முறை அபராதம்.

*

இத்தாலிய இரவு 'நோத்தே':
கதவைத் திறந்து, மூடும்.
ஸ்லோவேன் இரவு 'நோச்':
தாழ்ப்பாள் மட்டும்.
எந்த வரிக்கு எந்த இரவு என்று கேட்டேன்.
"மூட்டை எந்தக் கப்பலில் வந்ததோ
அந்தக் கணக்கில்" என்றாள்.

புத்தகம் வந்தது.
ரோமில் ஒரு பத்திரிகை எழுதியது:
இவருடைய இத்தாலியனில் ஸ்லாவிய மண் ஒட்டியிருக்கிறது.
லுப்லியானாவில் ஒன்று:
இவருடைய ஸ்லோவேனில் கடல் ஈரம் ஏறியிருக்கிறது.
இரண்டு தாளையும் கிடங்குக்கு எடுத்துப்போய்
ஒழுகும் மூட்டைக்கு அடியில் விரித்தாள்.
"மண்ணும் இருக்கிறது, ஈரமும் இருக்கிறது.
விதை ஒன்றுதான் பாக்கி."

பிறகொரு காலம்
பழைய பெயரைத் திரும்பக் கேட்கலாம் என்றார்கள்.
வரிசையில் நின்று
சாமந்தியை மட்டும் கேட்டு வாங்கினாள்.
நெவெங்கா பெவிலாக்வா.
"மீதிப் பெயர்?" என்றான் குமாஸ்தா, பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி.
"கிடக்கட்டும். குடித்துப் பழகிவிட்டது."

*

அவள் போய்ப் பதினொரு வருடம்.
என்னிடம் இருப்பது இருநூற்றுப் பதினேழாம் பிரதி.
முப்பத்துநாலாம் பக்கம், கீழிருந்து மூன்றாம் வரி.
அங்கே இரவின் தலைமேல் குருவி இல்லை.
மறந்தாளா, பறக்க விட்டாளா,
ஏழு மணி டிராம் மணி அடித்துவிட்டதா, தெரியாது.
அதே கறுப்பு மை இன்றும் கடையில் கிடைக்கிறது.
பலமுறை மூடியைத் திறந்து
காயவிட்டு மூடியிருக்கிறேன்.

போன வாரம் பாதோவாவிலிருந்து ஓர் ஆய்வு மாணவி.
பூதக்கண்ணாடியை அந்த வரியில் நிறுத்தி,
தயங்கி,
"இது அச்சுக் கோத்தவரின் பிழையா?" என்றாள்.
நாற்பத்தாறு வருடத் தொழிலில்
ஒரு பிழையையும் நான் ஒப்புக்கொண்டதில்லை,
முதலாளியைக் கேட்டால் சொல்வார், இருந்தால்.

ஆமாம், என்னுடையது என்றேன்.